முதல் யோகா வகுப்பு: ஸ்டூடியோவா, மண்டபமா, போன் திரையா?

கொழும்பில் யோகா பழக நினைப்பவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. கொழும்பு 5, 7 பக்கம் உள்ள ஸ்டூடியோக்கள் ஒன்று. கோயில் மண்டபம், கலாசார நிலையம் போன்ற இடங்களில் கூட்டமாக நடக்கும் வகுப்புகள் இன்னொன்று. மூன்றாவது, வீட்டில் போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வீடியோ பார்த்துச் செய்வது. எதைத் தெரிவு செய்வது என்று கேட்பவர்கள் முதலில் கட்டணத்தையும் தூரத்தையும்தான் எடைபோடுகிறார்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு அதைவிட முக்கியமானது, நீங்கள் பிழையாக வளையும்போது அதைக் கண்டு திருத்த அங்கே ஒருவர் இருக்கிறாரா என்பது.

அந்த விடயத்தில் வீடியோ முதலிலேயே தோற்றுவிடுகிறது. காசில்லை, நேரக் கட்டுப்பாடில்லை, வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இருப்பவர் காலி வீதி நெரிசலுக்குள் இறங்கவும் தேவையில்லை. எல்லாம் சரி. ஆனால் முன்னால் குனியும்போது இடுப்பு மூட்டிலிருந்து மடிய வேண்டும். புதியவர்கள் அநேகமாக முதுகை வளைத்துத்தான் விரலை எட்டுகிறார்கள். ஒரு காலை முன்னால் வைத்து மடக்கி நிற்கும் வீரபத்திராசனத்தில் முன் முழங்கால் உள்பக்கம் சரியும். செய்கிறவருக்கு இவை தெரிவதில்லை, ஏனென்றால் தன் முதுகைத் தானே பார்க்க முடியாது. நாரிப்பிடிப்பு வந்த பிறகுதான் ஏதோ பிழை என்று விளங்கும். இரண்டு மூன்று மாதம் நேரில் பழகிய பிறகு வீடியோ மிக நல்ல துணை. அதற்கு முன் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மண்டப வகுப்புகளைப் பலர் குறைவாக மதிப்பிடுகிறார்கள், அது நியாயமில்லை. கட்டணம் குறைவு, சில இடங்களில் தமிழிலேயே சொல்லித்தருவார்கள், அம்மாவையும் கூட்டிப் போகலாம். இந்திய அரசு நடத்தும் சுவாமி விவேகானந்தர் கலாசார நிலையம் கொழும்பு 7இல் இருக்கிறது. நடனம், இசை, ஹிந்தி வகுப்புகளோடு யோகாவும் அங்கே கற்பிக்கப்பட்டு வருகிறது. இப்படியான வகுப்புகளில் எனக்குப் பிடித்தது, பிராணாயாமத்துக்கு நேரம் ஒதுக்குவது. ஸ்டூடியோக்கள் பலவற்றில் மூச்சுப் பயிற்சி கடைசி ஐந்து நிமிடத்துக்குள் ஒடுங்கிவிடுகிறது. குறை என்றால் கூட்டம்தான். பின்வரிசைக்குப் போய் ஒளிந்துகொண்டால் வீடியோ பார்ப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆகவே கூச்சப்படாமல் இரண்டாவது வரிசையில் பாயை விரியுங்கள். முன்னால் செய்பவரைப் பார்க்கலாம், ஆசிரியரும் உங்களைப் பார்க்கலாம். சர்வதேச யோகா தினத்தை ஐ.நா. 2014இல் அறிவித்தது. 2015 முதல் ஜூன் 21ஐ ஒட்டிக் கொழும்பில் பெரிய நிகழ்ச்சிகள் நடந்துவருகின்றன. ஆசை வருவதற்கு அது நல்ல இடம், ஆனால் அங்கே ஆசனம் கற்றுக்கொள்ள முடியாது.

இனி ஸ்டூடியோ. கட்டணம் அதிகம், பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். ஆனால் ஆட்கள் குறைவு, கட்டை, பட்டி, தலையணை, கதிரை என்று துணைப்பொருள்கள் இருக்கும், வேலை முடிந்து வரக்கூடிய நேரங்களும் கிடைக்கும். இங்கே சிக்கல் வேறு: நேர அட்டவணையில் இருக்கும் பெயர்கள். எல்லாமே யோகாதானே என்று நேரம் பொருந்தியதற்குப் போனால், முதல் நாளே வெறுத்துப்போய் நிறுத்திவிட வாய்ப்புண்டு.

ஐயங்கார் முறையும் அஷ்டாங்க முறையும் ஒரே வேரிலிருந்து வந்தவை. மைசூரில் யோகா ஆசான் கிருஷ்ணமாச்சாரியாரிடம் பயின்ற பி.கே.எஸ். ஐயங்காரும், அஷ்டாங்கத்தைப் பரப்பிய பட்டாபி ஜோயிஸும் வெவ்வேறு திசையில் போனார்கள். ஐயங்கார் வகுப்பில் ஓர் ஆசனத்தில் நீண்ட நேரம் நிற்பீர்கள். பாதம் எங்கே, தோள் எங்கே என்று நுணுக்கமாகத் திருத்துவார்கள். கை நிலத்தை எட்டாவிட்டால் கட்டையைத் தருவார்கள். வியர்வை குறைவாக வருவதால் இலேசானது என்று நினைக்க வேண்டாம், அடுத்த நாள் தொடை சொல்லும். அஷ்டாங்கத்தில் ஆசனங்களின் வரிசை மாறாது, வேகமும் அதிகம். ஆசிரியர் எண்ணிச் சொல்ல எல்லோரும் ஒன்றாகச் செய்யும் வகுப்பு புதியவருக்கு ஆகாது. ஆனால் ‘மைசூர் முறை’ என்று போட்டிருந்தால் பயப்படத் தேவையில்லை. அதில் ஒவ்வொருவரும் தன் வேகத்தில் செய்வார்கள், ஆசிரியர் ஒவ்வொருவராக வந்து பார்ப்பார். புதியவருக்குச் சூரிய நமஸ்காரமும் சில ஆசனங்களும் மட்டும்தான் முதலில் கிடைக்கும்.

வின்யாசா அல்லது ‘ஃப்ளோ’ என்பது மூச்சோடு இணைந்து ஓடிக்கொண்டே இருக்கும் வகுப்பு. அழகானது, இளைஞர்களுக்கு அதிகம் பிடிக்கும். ஆனால் உடலைப் பலகைபோல் நேராக வைத்து, முழங்கையை மடக்கித் தரைக்கு அருகே இறங்கும் சதுரங்க தண்டாசனம் திரும்பத் திரும்ப வரும், சரியாக இறங்கத் தெரியாதவரின் மணிக்கட்டும் தோளும் பாதிக்கப்படும். யின் வகுப்பில் தரையில் இருந்தபடி ஓர் ஆசனத்தில் மூன்று முதல் ஐந்து நிமிடம் இருப்பீர்கள். நாள் முழுக்கக் கணினி முன் இருப்பவருக்கு இதமானது, ஆனால் நிற்கும் ஆசனங்களின் அடிப்படையை அதில் கற்க முடியாது. சூடாக்கிய அறையில் நடக்கும் ஹொட் யோகா எங்காவது கண்ணில் பட்டால் முதல் வகுப்பாக அதை எடுக்க வேண்டாம். அதில் ஒரு வகையான பிக்ரம் முறையில் அறை 40 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும், 90 நிமிடம், 26 ஆசனங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் வாழ்கிற நமக்கு வியர்க்கத் தனி அறை எதற்கு?

என் தெரிவு ஐயங்கார் வகுப்பு, அல்லது ஆசனங்களை ஒவ்வொன்றாகச் செய்து மெதுவாகப் போகும் ஹத யோகா. தொடக்கநிலையினருக்கு என்று தனித் தொடர் இருந்தால் இன்னும் நல்லது. கட்டணம் கட்டிவராவிட்டால் மண்டப வகுப்புக்குப் போங்கள், அது எந்த விதத்திலும் இரண்டாந்தரம் இல்லை. ஸ்டூடியோவுக்கு முதலில் ஒரு வகுப்புக்கான காசு மட்டும் கட்டுங்கள். பத்து வகுப்புப் பக்கேஜ் மலிவாகத் தெரியும், ஆனால் அதற்குக் காலாவதித் திகதி உண்டா என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

எங்கே போனாலும் சப்பாத்து வெளியே, வெறுங்கால். மத்தியானச் சோறு சாப்பிட்டு மூன்று மணித்தியாலம் கழியட்டும். சிறிய துவாய் ஒன்று கட்டாயம், கை வியர்த்தால் பாயில் வழுக்கும். தொளதொள மேற்சட்டை குனியும்போது முகத்தில் விழும், உள்ளே செருகிக்கொள்ளுங்கள். பெண்களுக்கு மட்டுமான வகுப்பு வேண்டுமென்றால் முன்பே போன் போட்டு விசாரிக்கலாம். தொட்டுத் திருத்துவது பிடிக்காவிட்டால் தொடக்கத்திலேயே சொல்லுங்கள், நல்ல ஆசிரியர் வாயால் சொல்லியே திருத்துவார். ஓம் சொல்வது தம் நம்பிக்கைக்கு ஒத்துவருமா என்று முஸ்லிம், கிறிஸ்தவ நண்பர்கள் கேட்பதுண்டு. அந்த நேரத்தில் மௌனமாக இருக்கலாம். உங்களைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தும் வகுப்பு உங்களுக்கு வேண்டாம்.

உயர் இரத்த அழுத்தம், குளுக்கோமா, முதுகுத்தண்டு வட்டு விலகல், கர்ப்பம் ஆகியவற்றில் எது இருந்தாலும் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள், பிறகு வகுப்பு தொடங்குமுன் ஆசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள். குளுக்கோமா உள்ளவர் தலைகீழ் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும், கண்ணழுத்தம் கூடும். வட்டு விலகல் உள்ளவருக்கு ஆழமாக முன்குனிவது ஆபத்து. இவற்றைச் சொன்னதும் மாற்று ஆசனம் காட்டுகிறாரா என்று பாருங்கள். “பரவாயில்லை, எல்லோரும் செய்யலாம்” என்று பதில் வந்தால் அன்றே வேறு வகுப்புத் தேடுங்கள்.