தலைக்கவசங்கள் நட்ட மயானமா, திமிங்கிலங்கள் வந்த போர்க்களமா?

பள்ளி விடுமுறைக்கு ஈப்போவிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வந்திருந்தாள் என் அக்காள் மகள். வயது 12. ஸ்டார் வார்ஸ் அனிமேஷன் தொடர்களான 'குளோன் வார்ஸ்', 'ரெபெல்ஸ்' இரண்டையும் இறுதிக் கட்டம்வரை பார்த்துவிட்டு, முடிவை மட்டும் என்னோடு பார்ப்பதற்காக வைத்திருந்தாள். மறுநாள் காலை ரயில். "ஒன்றுதான் முடியும், எது மாமா?" என்றாள். நான் குளோன் வார்ஸைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் சொல்ல வேண்டுமானால் கதை முடிவையும் சொல்லியாக வேண்டும். பார்க்காதவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம்.

ஓவிய அழகில் 2020இல் வந்த குளோன் வார்ஸ் இறுதிப் பகுதிதான் மேல், அதில் வாதமில்லை. இசை இரண்டுக்கும் கெவின் கைனர். குடும்பப் பாசம் என்று பார்த்தால் ரெபெல்ஸ் முந்தும்.

என் கேள்வி வேறு. இந்தக் கதையில் போன உயிர் போனதாகவே இருக்கிறதா?

ரெபெல்ஸில், நாயகன் எஸ்ராவின் குருவான கேனனின் மரணம் உண்மையான இழப்பு. தீப்பிழம்பைத் தன் கைகளால் தடுத்து நிறுத்தி மற்றவர்களைத் தப்பவைத்துவிட்டுச் சாகிறான். ஆனால் அது இறுதி அத்தியாயம் அல்ல. அடுத்த சில அத்தியாயங்களில் காலத்தைக் கடக்கும் ஒரு வாசல் திறக்கிறது. வில்லன் வேடரிடம் சிக்கிய அசோகாவை, இரண்டு தொடர்களிலும் வரும் நாயகியை, எஸ்ரா அதன் வழியே இழுத்துக் காப்பாற்றிவிடுகிறான். கேனனை இழுத்தால் மற்ற எல்லோரும் சாவார்கள் என்று உணர்ந்து கைவிடும் காட்சி அருமைதான். ஆனாலும் வாசல் ஒருமுறை திறந்த பிறகு மரணத்தின் கனம் குறைந்துவிடுகிறது. 2018 மார்ச்சில் வந்த இறுதியில், நமக்கு நெருக்கமானவர்களில் முதிய படைவீரர் கிரெகர் மட்டுமே இறக்கிறார். விண்வெளித் திமிங்கிலங்களோடு மறைந்துபோன எஸ்ராவும் 2023இல் வந்த 'அசோகா' தொடரில் உயிரோடு கிடைத்துவிட்டான். அன்று அழுத அழுகைக்கு இன்று என்ன மதிப்பு?

குளோன் வார்ஸின் நிலைமை தலைகீழ். அசோகாவும் அவளுடைய படைத் தோழன் ரெக்ஸும் பிழைப்பார்கள் என்பது, கதைப்படி பிந்தைய காலத்தில் நடக்கும் ரெபெல்ஸைப் பார்த்த எவருக்கும் முன்பே தெரியும். அப்படியிருந்தும் நெஞ்சு அடைக்கிறது. அவர்கள் பிழைப்பார்களா என்று கதை கேட்கவே இல்லை. யாரை இழந்து பிழைப்பார்கள் என்றுதான் கேட்கிறது. அசோகாவைப் போன்றவர்களைக் கொல்லச் சொல்லும் ஆணை 66 வந்ததும், நேற்றுவரை அவள் முகக்கோலத்தைத் தங்கள் தலைக்கவசங்களில் தீட்டியிருந்த வீரர்களே அவளைச் சுடுகிறார்கள். மூளையில் பொருத்திய சில்லின் கட்டளை அது, அவர்கள் குற்றமில்லை. அதனால் அவர்களைக் கொல்ல மாட்டேன் என்கிறாள். தலைக்கவசத்துக்குள் ரெக்ஸ் அழுகிறான். அவளே அவிழ்த்துவிட்ட கைதியான மோல், அவர்கள் எல்லோரும் இருக்கும் விண்கப்பலின் இயந்திரத்தை நொறுக்குகிறான். கப்பல் ஒரு நிலவில் விழ, அவள் கொல்ல மறுத்தவர்கள் அத்தனை பேரும் மடிகிறார்கள். அவள் செய்த நல்லதும் அவர்களைக் காக்கவில்லை, செய்த தவறும் அவளை விடவில்லை. இந்தச் சுமையை எந்தக் கால வாசலும் இறக்கிவைக்காது.

ரெபெல்ஸின் மூன்றாம் பருவத்தை நான் விட்டு விட்டுத்தான் பார்த்தேன். முழுதாகப் பார்த்தவர்களுக்கு எஸ்ராவின் பிரிவு இன்னும் ஆழமாக இறங்கலாம். ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்குக் குளோன் வார்ஸ் முடிவு தாங்குமா என்பதும் எனக்குத் தெரியாது. அவர்களோடு நான் பார்த்ததில்லை.

இவள் தாங்கினாள். பாட்டியின் 16ஆம் நாள் காரியம் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. இறுதியில் சிதைந்த கப்பலின் முன்னே வரிசையாகக் கல்லறைகள், ஒவ்வொன்றின் மேலும் கம்பில் மாட்டிய தலைக்கவசம். அசோகா பேசாமல் நிற்கிறாள். இவளும் வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "இத்தனை குழிகளையும் அவர்கள் இரண்டு பேரே வெட்டினார்களா, மாமா?"

அதைக் காட்டவில்லை என்றேன். காட்சியைப் பின்னால் ஓட்டி, தலைக்கவசங்களை எண்ணத் தொடங்கினாள்.