மல்ட்டி எஃபெக்ட்ஸ வீட்டுல சத்தமா வாசிக்க எது சரி: ஆம்ப்பா, மானிட்டரா, எஃப்ஆர்எஃப்ஆரா?

ஹெட்ஃபோன்ல அவ்ளோ நல்லா இருந்த டோன், அதே மல்ட்டி எஃபெக்ட்ஸ் யூனிட்ட (பல பெடல், ஆம்ப் சத்தங்கள ஒரே பெட்டில தர்ற கிட்டார் கருவி) கிட்டார் ஆம்ப்ல சொருகுனதும் கம்பளி போத்துன மாதிரி அமுங்கிப் போயிடும். நானும் ஆரம்பத்துல யூனிட்தான் மட்டம்னு நெனச்சு விக்கிற வரைக்கும் போயிட்டேன். விஷயம் கேப் சிம்ல, அதாவது கிட்டார் ஸ்பீக்கர் பெட்டி மாதிரியே சத்தத்த மாத்துற வசதில இருக்கு. கிட்டார் ஸ்பீக்கர் சுமாரா 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல நல்லா இறங்கிடும், அந்த இறக்கத்தத்தான் யூனிட்டுக்குள்ள கேப் சிம்மும் செய்யுது, ரெண்டும் சேந்தா ஒரே வேல ரெண்டு தடவ நடக்குது, மேல் சத்தமே மிஞ்சாது.

அதனால ஆம்ப்போட முன்பக்க இன்புட்ல சொருகுனா கேப் சிம், ஆம்ப் மாடல் (வேற வேற ஆம்ப்போட சத்தத்த நகலெடுக்குற வசதி) ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டு டிஸ்டார்ஷன் இல்லாத க்ளீன் சேனல்ல வெறும் பெடல் மாதிரி யூஸ் பண்றதுதான் நல்லது. ஆனா காசு குடுத்து வாங்குன யூனிட்ல பாதி சும்மா கெடக்கும்.

பின்னாடி எஃப்எக்ஸ் ரிட்டர்னோ, பாஸ் கட்டானா 50 மார்க் 2-ல இருக்குற மாதிரி பவர் ஆம்ப் இன்னோ இருந்தா கதையே வேற. சிக்னல், டோன உருவாக்குற ப்ரீஆம்ப தாண்டி, சத்தத்த பெருசாக்குற பவர் ஆம்ப்புக்கு நேரா போகுது, ஆம்ப் மாடல் ஆன்ல, கேப் சிம் மட்டும் ஆஃப். பாம் மியூட் (உள்ளங்கை ஓரத்தால கம்பிய லேசா அமுக்கி) அடிக்கிறப்போ நெஞ்சுல வந்து இடிக்கும் பாருங்க, அந்த சொகம் மத்த எதுலயும் எனக்கு கெடைக்கல. கொற என்னன்னா எந்த மாடல் போட்டாலும் அந்த ஒரே 12 இன்ச் ஸ்பீக்கரோட கொரல்தான் வரும், கூட வாசிக்க பேக்கிங் ட்ராக் போட்டா டப்பா மாதிரி கேக்கும்.

யமஹா எச்எஸ்5 மாதிரி ஸ்டுடியோ மானிட்டர் (ரெக்கார்டிங் வேலைக்கான ஸ்பீக்கர்) ஜோடின்னா கேப் சிம் ஆன்ல வைக்கணும். ஸ்டீரியோ டிலே, ட்ராக், அக்கூஸ்டிக் சிம் எல்லாமே ஹெட்ஃபோன்ல கேட்ட மாதிரியே வரும், ஆனா மைக் வச்சு ரெக்கார்ட் பண்ண கிட்டார் மாதிரி இருக்குமே தவிர ரூம்ல ஆம்ப் நிக்கிற மாதிரி இருக்காது. செவுத்த ஒட்டி வச்சா பேஸ் குமுறும், கொஞ்சம் முன்னாடி இழுத்து வைங்க.

எஃப்ஆர்எஃப்ஆர்னா (ஃபுல் ரேஞ்ச், ஃப்ளாட் ரெஸ்பான்ஸ்) அடி சத்தத்துலேருந்து மேல் சத்தம் வரைக்கும் கூட்டாம கொறைக்காம தர்ற ஸ்பீக்கர்; ஹெட்ரஷ் எஃப்ஆர்எஃப்ஆர்-108 மாதிரி ஐட்டம் ட்ரம்மரோட வாசிக்கிறவங்களுக்கு. அபார்ட்மெண்ட் வீட்டுல அதோட வால்யூம கொஞ்சம் தொட்டாலே போதும், மீதி சக்தி வீண்.

ஹோம் தியேட்டர் இருந்தா ஆக்ஸ் வயர்ல குடுத்து ஒப்பேத்தலாம். ப்ளூடூத் மட்டும் வேணவே வேணாம், அடிச்சு முடிச்சப்புறம் சத்தம் வரும்.

என்னக் கேட்டா ரிட்டர்ன் இருக்குற ஆம்ப் ஏற்கனவே வீட்டுல இருந்தா புதுசா எதுவும் வாங்காதீங்க. கைல எதுவுமே இல்ல, ட்ராக் போட்டுத்தான் வாசிப்பேன்னா மானிட்டர்தான். எதுல வாசிச்சாலும் பேட்ச்ச (சேத்து வைக்கிற டோன் செட்டிங்க) அந்த ஸ்பீக்கர்லயே, வாசிக்கப்போற சத்தத்துலயே செட் பண்ணுங்க, ஏன்னா கம்மி சத்தத்துல நம்ம காதுக்கு பேஸ் கம்மியாத்தான் கேக்கும், ராத்திரி மெதுவா வச்சு பேஸ ஏத்திட்டு மறுநாள் தெறந்து விட்டா கண்ணாடி ஜன்னலே அதிரும், அடி சத்தத்த வெட்டுற லோ கட் ஃபில்டர 80-லேருந்து 100 ஹெர்ட்ஸ் கிட்ட வச்சா சரியாயிடும்.