ஸ்பீக்கர் போய்விட்டது என்று சொன்னால் உடனே நம்பாதீர்கள்: 9,400 தொலைத்தவளின் எச்சரிக்கை

லேப்டாப் பழுதுபார்க்கும் கடை ஒன்றில் 9,400 கொடுத்து ஏமாந்திருக்கிறேன். லேப்டாப்பில் ஒலி 'டிக், டிக்' என்று வெட்டும் இதே கோளாறோடு இன்னொருவர் அப்படியொரு கடையின் படியேறுவதற்குள் இது அவர் கண்ணில் பட வேண்டும். அதனால் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. என்ன செய்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கித் தருவது என் தொழில். சில வாரங்களாகப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் 'டிக், டிக்' என்று வெட்டும். சில நேரம் காய்ந்த சருகை மிதித்ததுபோல் சரசரக்கும். இணையத்திலிருந்து பெரிய கோப்பு இறங்கும்போது இது அதிகமாகும். ஹெட்போன் போட்டாலும் அதே சத்தம். இவ்வளவையும் கடையில் ஒன்று விடாமல் சொன்னேன். ஹெட்போனிலும் கேட்கிறதென்றால் ஸ்பீக்கர் எப்படிக் காரணமாகும்? எனக்குத்தான் உறைக்கவில்லை. தொழில் தெரிந்த அவருக்குமா உறைக்கவில்லை?

நான் நம்பிய இடம் எது என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். என் போன் வழியாக இணையத்தில் இணைத்து ஒரு பதிவை ஓடவிட்டுக் காட்டினேன். அவர் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்தார். கண்ணை மூடி, லேப்டாப்பின் விளிம்பில் காதை வைத்துக் கேட்டார். நானும் அப்படித்தான் கேட்பேன். அந்த ஒரு நிமிடத்தில் இவர் வேலை தெரிந்தவர் என்று முடிவுகட்டிவிட்டேன். "ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது அக்கா, போர்டில் ஆடியோ ஐசியும் போய்விட்டது. இப்படியே விட்டால் போர்டே போய்விடும்" என்றார். ஆடியோ ஐசி என்பது லேப்டாப்பின் முதன்மைப் பலகையில் ஒலியைக் கையாளும் சில்லு. ஸ்பீக்கருக்கு 2,900, போர்டு வேலைக்கு 6,500. மொத்தம் 9,400. முழுவதையும் முன்பணமாகக் கேட்டார். கொடுத்தேன்.

மூன்றாம் நாள் போனபோது ஒரு பென் டிரைவைச் செருகிப் பாட்டு போட்டுக் காட்டினார். ஒரு பிசிறு இல்லை. அன்று லேப்டாப் எந்த இணையத்திலும் இணைந்திருக்கவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து வைஃபையை இணைத்த பத்தாவது நிமிடம், மறுபடியும் 'டிக்'.

அதன்பிறகு நான் கேட்ட பதில்களைக் கேளுங்கள். முதல் முறை, "புது ஸ்பீக்கர், பழக நான்கு நாள் ஆகும்." இரண்டாம் முறை, "உங்கள் வீட்டில் எர்த் சரியில்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்." மூன்றாம் முறை, விண்டோஸை மீண்டும் ஏற்ற வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். அதற்குப் பிறகு போனை எடுத்த பையன் ஒவ்வொரு முறையும் "அண்ணன் வெளியே போயிருக்கிறார்" என்றான். பின்னால் அண்ணனின் குரல் தெளிவாகக் கேட்டது. என் காதுக்குத் தெரியாதா?

உண்மை தெரிந்தது நேற்று, மின்வெட்டில். மோடம் அணைந்தது, லேப்டாப் பேட்டரியில் ஓடியது, சத்தம் சட்டென்று நின்றது. நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் ஒரு சிறு வெட்டு. வைஃபையையும் அணைத்தேன், அதுவும் போய்விட்டது. மின்சாரம் வந்ததும் சார்ஜரைச் செருகி, வைஃபையை மாறி மாறிப் போட்டும் அணைத்தும் பார்த்தேன். போட்டால் சத்தம், அணைத்தால் அமைதி. பிறகு வைஃபையை அணைத்துவிட்டு, மோடத்திலிருந்து நேரே வரும் லேன் கேபிளைச் செருகினேன். இணையமும் இருந்தது, சத்தமும் இல்லை.

காரணம் இதுதான். ஒலியைச் சிறு சிறு துண்டுகளாகத்தான் கணினி அனுப்புகிறது. விண்டோஸில் வழக்கமாக ஒரு துண்டு 10 மில்லி விநாடி. வைஃபை கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் கோளாறாக இருந்தால், தன் வேலைக்காகப் பிராசசரை அதற்கு மேலும் பிடித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த துண்டு நேரத்துக்கு வந்து சேராது. அந்த இடைவெளிதான் 'டிக்'. இணைப்பு இல்லாதபோதும் கார்டு அவ்வப்போது சிக்னல் தேடும்; அந்த நிமிடத்துக்கொரு வெட்டு அப்படி வந்ததுதான். எந்த டிரைவர் பிராசசரை அதிக நேரம் பிடித்துவைக்கிறது என்று பட்டியலிடும் லேட்டன்சிமான் என்ற மென்பொருளை ஓடவிட்டேன், வைஃபை டிரைவரின் பெயரே பட்டியலில் முதலில் நின்றது. லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய டிரைவரை இறக்கிப் போட்டேன். பவர் அமைப்பில் வயர்லெஸ் அடாப்டருக்கான, அதாவது வைஃபை கார்டுக்கான, மின்சேமிப்பை நிறுத்தினேன். இருபது நிமிட வேலை. ஒரு காசு செலவில்லை. இதற்குத்தான் 9,400.

ஆத்திரம் தாங்காமல் அடிமூடியையும் கழற்றினேன். ஸ்பீக்கரைச் சுற்றியிருந்த பஞ்சில் பழைய தூசி அப்படியே அப்பியிருந்தது. அதன் ஒட்டுத்தாளில் 2019 என்று அச்சு. நான் லேப்டாப் வாங்கியதும் 2019. வைஃபை கார்டில் மாட்டும் இரண்டு ஆன்டெனா ஒயர்களில் கறுப்பு ஒயரின் முனை, மிளகைவிடச் சிறிய பித்தளை வட்டம், கழன்று கிடந்தது. திறந்தவர் அதை மாட்டக்கூட இல்லை. கடைக்குப் போய் வந்ததிலிருந்து சிக்னல் ஏன் குறைந்தது என்பதும் விளங்கிவிட்டது.

இவற்றைப் படமெடுத்து, இன்று காலை அந்தப் படத்தோடு கடையில் போய் நின்றேன். "பழைய இருப்பு அக்கா, புது சரக்குதான்" என்றார். தூசி? பதில் இல்லை. ஐசி மாற்றியதற்குப் பழைய ஐசி எங்கே? "அதையெல்லாம் வைத்திருப்பதில்லை." ரசீதைக் காட்டினேன். அதில் 'சர்வீஸ் 9,400' என்ற ஒரே வரி. அதை வைத்துக்கொண்டு நான் எதை நிரூபிப்பது?

விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. இவற்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும் முன் விமானப் பயன்முறையை (ஃபிளைட் மோட்) போட்டுச் சத்தம் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் ஸ்பீக்கரைத் தொடவே விடாதீர்கள். எதுவும் ஓடாதபோதும் வைஃபையின் வேகத்தோடு சேர்ந்து இரைச்சல் கேட்டால், அது ஒயர்கள் வழியாகப் புகும் குறுக்கீடாக இருக்கலாம். யுஎஸ்பி ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள்; அதில் இரைச்சல் இல்லையென்றால் பெரும்பாலும் அதுதான். முழுத் தொகையை முன்பணமாகத் தராதீர்கள். ரசீதில் எந்தப் பாகம் என்று எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பாகத்தைக் கையில் வாங்குங்கள். சரியாகிவிட்டது என்று காட்டும்போது, வைஃபையில் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள்.