அப்கிரேடுக்குப் பிறகு லினக்ஸ் எழவில்லையா? பழைய கெர்னல், லைவ் யுஎஸ்பி, ஸ்னாப்ஷாட்: எது எப்போது?

அப்கிரேடு முடிந்து ரீஸ்டார்ட் செய்தால் கறுப்புத் திரை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக இன்ஸ்டால் செய்யக் கை பரபரக்கும். தயவுசெய்து பொறுங்கள். பெரும்பாலும் ஃபைல்கள் பத்திரமாகவே இருக்கும். பூட் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதுதான் வழியைத் தீர்மானிக்கிறது.

க்ரப் மெனு (எதை பூட் செய்வது என்று கேட்கும் முதல் திரை) வந்தால், முதலில் பழைய கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதியின் முந்தைய பதிப்பு. உபுண்டுவில் மெனு ஒளிந்திருக்கும்; கம்ப்யூட்டரை எழுப்பும் ஃபர்ம்வேர் பழைய பயாஸ் என்றால் ஷிஃப்ட், புதிய யுஇஎஃப்ஐ என்றால் எஸ்கேப் அழுத்தி, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் போய் முந்தைய பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். ஃபெடோரா வழக்கமாக 3 கெர்னல்களை வைத்திருக்கும். ஆர்ச்சில் புதியது வந்ததும் பழையது போய்விடும், அதனால் எல்டிஎஸ் (நீண்ட காலம் பராமரிக்கப்படும்) கெர்னலையும் கூடவே போட்டு வைப்பது நல்லது. பழையதில் எழுந்துவிட்டால் சந்தேகம் புதிய கெர்னல், அதன் இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் கெர்னலுக்குத் தேவையான ஃபைல்களின் தொகுப்பு), என்விடியா கிராஃபிக்ஸ் கார்டுக்கான மாட்யூல் இவற்றின் மேல்தான். பூட் பார்ட்டிஷன் நிரம்பிப்போய் இனிட்ராம்எஃப்எஸ் உருவாகாமல் நின்றிருக்கிறதா என்றும் பாருங்கள். அடிக்கடி நடப்பது இது.

மெனுவே வராவிட்டால் லைவ் யுஎஸ்பி, அதாவது இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸை ஓட்டும் பென்டிரைவ். வேலை அதிகம், ஆனால் எனக்கு இதன்மேல்தான் நம்பிக்கை. ரூட், பூட், இஎஃப்ஐ பார்ட்டிஷன்களை மவுண்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ் என்ற சிஸ்டம் ஃபோல்டர்கள் மூன்றையும் பைண்ட் செய்து (அங்கும் தெரியும்படி இணைத்து) சிஹெச்ரூட் கட்டளையால் உங்கள் பழைய சிஸ்டத்துக்குள் நுழைந்தால், பாதியில் நின்ற பேக்கேஜ்களை முடிக்கலாம், இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்கலாம், க்ரப்பையும் திரும்பப் போடலாம். பூட் தனிப் பார்ட்டிஷனாக இருந்து அதை மவுண்ட் செய்ய மறந்தால், புதிய ஃபைல்கள் எல்லாம் ரூட்டில் உள்ள வெறும் ஃபோல்டருக்குள் போய்விடும். கட்டளைகள் பிழையில்லாமல் ஓடும், ரீஸ்டார்ட் செய்தால் அதே பிழை நிற்கும். என்கிரிப்ட் செய்த டிஸ்க் என்றால் கிரிப்ட்டேபில் (என்கிரிப்ட் செய்த டிஸ்க்குகளின் பட்டியல் ஃபைல்) உள்ள அதே பெயரில் திறந்துவிட்டு உள்ளே போங்கள்.

வேகத்தில் ஸ்னாப்ஷாட்டை, அதாவது சிஸ்டத்தின் ஒரு நேரத்து நிலையைப் பதிந்து வைத்த நகலை, எதுவும் முந்தாது. பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் போட்ட ஓப்பன்சூசேயில் க்ரப் மெனுவிலிருந்தே பழைய நிலைக்குள் பூட் செய்து, ஸ்னாப்பர் என்ற கருவியால் ரோல்பேக் செய்துவிடலாம். மற்றவற்றில் இதே வேலைக்கு டைம்ஷிஃப்ட் என்ற கருவி உண்டு. ஆனால் முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டும். இஎஃப்ஐ பார்ட்டிஷன் ஃபேட் வகை என்பதால் பிடிஆர்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட்டில் அது அடங்காது. காரணத்தைத் தேடாமல் பின்னால் போனால் அடுத்த அப்கிரேடிலும் இதே கதிதான்.

சரி, எமர்ஜென்சி மோடு என்று சொல்லி நின்றால்? இந்த மூன்றுக்கும் போகுமுன், எந்தெந்தப் பார்ட்டிஷனை மவுண்ட் செய்வது என்ற பட்டியலான எஃப்எஸ்டேப் ஃபைலைத் திறந்து பாருங்கள். இல்லாத யுயுஐடி (பார்ட்டிஷனின் தனி அடையாள எண்) ஒன்று அங்கே இருந்தால், அந்த வரியின் முன் ஒரு ஹேஷ் குறி போட்டு ரீஸ்டார்ட் செய்தால் போதும்.