வீட்டுக்கே வந்து செல்லப்பிராணிகளைப் பார்த்துக்கொள்ளும் சேவை: ஒன்பது நாள் அனுபவம்

காரில் ஒன்பது நாள் பயணம் போவதென்று முடிவான அன்றே, 11 வயது நாயையும் 4 வயது ஆண் பூனையையும் என்ன செய்வது என்ற பேச்சும் வீட்டில் தொடங்கிவிட்டது. நாய்க்கு மூட்டுவலி இருப்பதால் நாள் முழுவதும் காரில் உட்கார்ந்து வருவது அதற்குப் பெரும் வேதனை. தவிர, சாப்பிடவோ எதையாவது பார்க்கவோ நாம் இறங்கும்போது நாயை வண்டியிலேயே விட்டுச் செல்லவும் முடியாது. வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் கூடிவிடுகிறது. பூனையோ ஆட்களைவிட இடத்தோடு ஒட்டிய உயிர். தன் வாசனை படிந்த மூலையையும் சன்னலையும் விட்டுக் காப்பகக் கூண்டுக்குள் போனால் அது உண்ணவே மறுத்துவிடும் என்பதை முன்பொரு முறை கண்டிருக்கிறோம். ஆகவே, நாள்தோறும் இரண்டு வேளை வீட்டுக்கே வந்து, வேளைக்கு ஒரு மணி நேரம் இருந்து கவனித்துக்கொள்ளும் சேவை ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு பராமரிப்பாளர் வீட்டுக்கு வந்தார். நாயோடு சிறிது தூரம் நடந்துவிட்டு வந்தவர், பூனையைத் தேடிப் போகாமல் கூடத்தில் தரையிலேயே அமர்ந்துகொண்டார். இருபது நிமிடம் கழித்துப் பூனை தானாகவே கட்டிலுக்கடியிலிருந்து வந்து அவருடைய பையை முகர்ந்து பார்த்தது. அதன் பிறகே அவர் கேள்விகளைத் தொடங்கினார். நாய் இடியோசைக்கு அஞ்சுமா, வலி மாத்திரையை எதில் வைத்துக் கொடுக்கிறீர்கள், பூனை ஒரு நாளில் எத்தனை முறை சிறுநீர் கழிக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். மேசையில் பூச்சாடியில் இருந்த லில்லி மலர்களைக் கண்டதும், அவற்றின் மகரந்தம்கூடப் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்று சொல்லி உடனே அகற்றச் சொன்னார். நான்கு ஆண்டுகளாகப் பூனை வளர்க்கும் எங்களுக்கு இது தெரியாமல் இருந்ததை எண்ணி வருந்தினேன். மலைப்பாதையில் கைபேசி இணைப்பு கிடைக்காமல் போகலாம் என்பதால், அவசரம் நேர்ந்தால் எங்களைக் கேட்காமலேயே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகவும், குறிப்பிட்ட தொகை வரை செலவு செய்யவும் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் ஒன்றையும் வாங்கிக்கொண்டார். இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த முன்சந்திப்புதான். சாவியைக் கைமாற்றுவதோடு முடித்துக்கொள்ளும் சேவைகளிடம் எங்கள் பிராணிகளை ஒருபோதும் ஒப்படைக்க மாட்டேன்.

ஒவ்வொரு வருகைக்குப் பின்னும் ஒரு படமும் நான்கைந்து வரிக் குறிப்பும் வந்தன. நாய் எவ்வளவு நடந்தது, தட்டில் எவ்வளவு மிச்சம் வைத்தது என்பவற்றோடு, பூனையின் மணல் தட்டில் சிறுநீர் பட்டு இறுகிய மணல் கட்டிகளின் எண்ணிக்கையும் அதில் இருந்தது. முதல் நான்கு நாளும் இரண்டு அல்லது மூன்று கட்டிகள் என்றே வந்தது. ஐந்தாம் நாள் காலை, 'ஒரே கட்டி, நெல்லிக்காய் அளவு. நான் இருக்கும்போதே நான்கு முறை தட்டில் ஏறி முக்கிவிட்டு இறங்கியது' என்று எழுதியிருந்தார். ஆண் பூனையின் சிறுநீர்ப்பாதை மிகக் குறுகலானது; அது முழுவதும் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிருக்கே உலை வைத்துவிடும். இணைப்பில்லாத பாதையில் சென்றுகொண்டிருந்த நாங்கள் அந்தக் குறிப்பைப் படித்தபோது மூன்று மணி நேரம் கடந்திருந்தது. அதற்குள் அவர் பூனையை மருத்துவரிடம் காட்டி, அடைப்பு இல்லை, வழக்கம் மாறிய பதற்றத்தில் சிறுநீர்ப்பை அழற்சி தொடங்கியிருக்கிறது என்று அறிந்து, மருந்தோடு வீடு திரும்பியிருந்தார். அந்தக் கடிதம் இல்லாதிருந்தால் அந்த மூன்று மணி நேரமும் எங்கள் அழைப்புக்காகக் காத்திருந்தே கழிந்திருக்கும்.

குறித்த நேரத்துக்கு உணவு கொட்டும் தானியங்கிக் கருவி ஒன்றும் எங்களிடம் இருக்கிறது. உணவு விழுந்ததை அது சொல்லும்; பூனை உண்டதா என்று சொல்லாது. தொடர்ந்து இரண்டு மூன்று நாள் உண்ணாத பூனைக்கு, குறிப்பாகப் பருத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து நோய் முற்றிவிடக்கூடும் என்பதால், ஓர் இரவைக் கடந்த பயணத்துக்கு அந்தக் கருவியை மட்டும் நம்புவது தவறு என்பதே என் கருத்து.

சேவையில் பெரிய குறை ஒன்றும் உண்டு. ஏழாம் நாள் அவருக்கு உடல்நலம் குன்றியதால் மாற்று ஆள் ஒருவரை அனுப்பினார்கள். அதை எங்களுக்கு முன்கூட்டித் தெரிவிக்கவில்லை. வந்தவர் வழி தெரியாமல் தாமதமாகியதில், காலை ஏழு மணிக்கு வெளியே சென்று வந்த நாய் இரவு எட்டரை மணி வரை அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறது. வீட்டுக்குள் ஒருநாளும் அசுத்தம் செய்தறியாத அந்தக் கிழட்டு நாய் கதவோரப் பாயை நனைத்துவிட்டு, மாற்று ஆள் உள்ளே நுழைந்தபோது வாலை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நின்றதைப் படத்தில் கண்டபோது மனம் பொறுக்கவில்லை. நிர்வாகத்தினர் மன்னிப்புக் கேட்டு அன்றைய கட்டணத்தைத் திருப்பித் தந்தார்கள். ஆனால் மாற்று ஆளையும் முன்சந்திப்பின்போதே அழைத்து வந்து அறிமுகப்படுத்தியிருந்தால் இந்தச் சிக்கலே எழுந்திருக்காது. வயதான நாய்க்குப் பகலில் இரண்டு வருகை போதாது என்பதை நாங்களும் முன்பே உணர்ந்திருக்க வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது அது வெளியே போயாக வேண்டும்.

அடுத்த பயணத்துக்கும் இதே சேவையையும் இதே பராமரிப்பாளரையும் கேட்டிருக்கிறோம். நாய்க்காக நண்பகல் வருகை ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். மாற்று ஆள் யார் என்பதைப் புறப்படும் முன்பே காட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருக்கிறோம். வரும் வாரம் இருவருமே வீட்டுக்கு வருகிறார்கள்.