கூலர் மாட்டக் கொடுத்தேன், புராசஸர் போய்விட்டது

ஊட்டியில் நான் போன கம்ப்யூட்டர் கடையைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். வீடியோ எடிட் செய்யும்போது ஃபேன் சத்தம் தாங்கவில்லை என்று, புராசஸரோடு வந்த கூலரைக் கழற்றிவிட்டுப் பெரிய டவர் கூலர் மாட்டித் தரச் சொன்னேன். ஜனவரி மாதம், உறைபனி விழுந்த காலை, வேலை செய்த தம்பி கம்ப்யூட்டரை ஆன்கூடச் செய்யாமல் நான்கு ஸ்குரூவையும் கழற்றி நேராக மேலே இழுத்துவிட்டார். புராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் சூட்டைக் கடத்தத் தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட் இறுகிப்போயிருந்ததால், கூலரோடு புராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து மேசையில் விழுந்தது. என்னுடையது ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட் வகை, அதில் ஊசி போன்ற 1331 பின்களும் புராசஸரின் அடியில்தான் இருக்கும், ஒரு ஓரம் முழுக்க வளைந்துவிட்டது. கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, அப்புறம் கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகினால் பேஸ்ட் இளகிப் பிடி விட்டிருக்கும். மலைக்குளிரில் இதைச் செய்யாமல் கழற்றவே கூடாது.

என் கோபம் அதைவிட அடுத்து நடந்ததில்தான். "வாரண்டியில மாத்திடலாம்ணா" என்று சொல்லிக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். பின் வளைந்தது, உடைந்தது எல்லாம் வாரண்டியில் சேராது, இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரியாதா? இரண்டு வாரம் என்னைக் காக்க வைத்து, அப்படியே திரும்பி வந்தது. பாதி விலைகூடத் தர மாட்டேன் என்றுவிட்டார் கடைக்காரர். மவுஸ், கேபிள் வாங்கப் போகலாம், மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். கேபினட்டைத் திறக்கும் வேலைக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.