பொட்டட்டாங் அன்ட்டி வீட்டுக் கேரியர்: மாத வாடிக்கைக்காரன் சொல்வது

யாங்கோனுக்கு, அதாவது பழைய ரங்கூனுக்கு, வேலையாக வரும் நம் ஊர்க்காரர்கள் வந்த வாரமே கேட்பது, மதியச் சாப்பாட்டுக்கு என்ன வழி என்றுதான். அனோரத்தா சாலைப் பக்கம் போனால் தோசையும் பிரியாணியும் கிடைக்கும். இரண்டு நாள் வந்து போகிறவர்களுக்கு அது போதும். வருஷக்கணக்கில் தங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு: ஒரு பர்மிய வீட்டில் மாதக் கணக்கு வைத்துக் கேரியர் எடுங்கள். நான் எடுக்கிற வீட்டைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த ஏற்பாடு இந்த நகரத்துக்குப் புதிதில்லை. தனியாக இருப்பவர்கள், சமைக்க நேரமில்லாத குடும்பங்கள், சின்ன அலுவலகங்கள் என்று பலரும் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து மாத வாடிக்கையாகக் கேரியர் வாங்குகிறார்கள். எங்களுக்கு வருவது பொட்டட்டாங் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளத்திலிருந்து. பெயர்ப்பலகை கிடையாது, ஃபேஸ்புக் பக்கம் கிடையாது. அன்ட்டி, அவருடைய அக்கா, மகள், மருமகன் என்று நான்கு பேர். பூர்வீகம் தெற்கே மோன் மாநிலத்து மோலமைன் பக்கம், மோன் இனத்துக் குடும்பம். யாங்கோனின் பெரும்பகுதியில் மோட்டார் சைக்கிளுக்குத் தடை இருப்பதால் மருமகன் மிதிவண்டியில்தான் வருவார். எங்கள் அலுவலகம் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இங்கே பால்கனிகளிலிருந்து தெரு வரைக்கும் கயிறு தொங்கும், மேல் முனையில் மணி கட்டியிருக்கும். அவர் இழுப்பார், மணி அடிக்கும், கேரியரைக் கட்டிவிட்டதும் நாங்கள் மேலே தூக்கிக்கொள்வோம். பத்தரைக்கெல்லாம் வந்துவிடும்.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் விருதுநகர்க்காரன். இங்கிருந்து உளுந்தும் துவரையும் இந்தியாவுக்கு ஏற்றுமதி செய்கிற ஒரு அலுவலகத்தில் வேலை. பருப்பையும் பயறையும் கையில் அள்ளிப் பார்த்தே வளர்ந்தவன், அதனால் சாப்பாட்டில் பயறு வந்தால் கொஞ்சம் கறாராகத்தான் பார்ப்பேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இது ஓட்டல் சாப்பாடு இல்லை. மெனு கிடையாது, மாற்றிக் கேட்க முடியாது. அந்த வீட்டில் அன்றைக்கு என்ன சமைத்தார்களோ அதேதான் நமக்கும். இந்தச் சேவையின் பலம் இதுதான். சில நாள் எரிச்சலும் இதுவேதான்.

கேரியரில் நான்கு அடுக்கு. அடியில் சோறு. போசான் அரிசி, 2011-இல் ஹோ சி மின் நகரில் நடந்த அரிசி மாநாட்டில் உலகத்திலேயே சிறந்த அரிசி என்று பெயர் வாங்கிய அதே ரகம். வேகும்போது நீளும், மிருதுவாக இருக்கும், மணம் உண்டு. நம்முடைய பொன்னி போல உதிரியாக நிற்காது. முதல் மாதம் எனக்கு அது பிடிக்கவில்லை. இப்போது ஊருக்குப் போனால் பொன்னிதான் விறைப்பாகத் தெரிகிறது.

அடுத்த அடுக்கு கறி. கோழியும் உருளைக்கிழங்கும், ரோகு மீன், வாரத்தில் ஒரு நாள் தக்காளிக் குழம்பில் வாத்து முட்டை. செய்முறை எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வெங்காயம், பூண்டு, இஞ்சியைக் கல்லுரலில் இடித்து, மஞ்சளும் மிளகாய்த் தூளும் சேர்த்துக் கடலை எண்ணெயில் நிதானமாக வதக்குவார்கள். கறியைப் போட்டுத் தண்ணீர் விட்டு, தண்ணீர் முழுக்க வற்றி எண்ணெய் மறுபடி தனியாகப் பிரிந்து மேலே வரும்வரை அடுப்பில் வைப்பார்கள். எண்ணெய் பிரியாத கறியை அன்ட்டி இறக்கவே மாட்டார். மல்லி, சோம்பு, தேங்காய் அரைத்த குழம்பை எதிர்பார்த்து வாயில் வைத்தால் ஏமாற்றம்தான். மசாலா ஏதும் துருத்திக்கொண்டு தெரியாது. வெங்காயத்தின் இனிப்பும் கறியின் ருசியும் மட்டும். காரம் விருதுநகர் நாக்குக்குக் காணாது.

எண்ணெயைப் பற்றி நம்மவர்கள் எல்லாரும் புகார் சொல்வார்கள். நியாயம்தான், கறியின் மேல் ஒரு விரற்கடை நிற்கும். ஆனால் அதைச் சோற்றில் கவிழ்த்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அது கறி கெடாமல் இருக்க ஒரு மூடி. துண்டை எடுத்து, அடியில் இருக்கும் மசிந்த வெங்காயத்தை வழித்துக்கொண்டு, எண்ணெயைக் கேரியரிலேயே விட்டுவிடுவேன். பார்க்க வேண்டியது அளவை இல்லை, எண்ணெய் எது என்பதை. இதற்கு முன் வேறொரு இடத்தில் வாங்கியபோது, நேற்றுப் பொரித்த மீனின் வாடை இன்றைய கோழியில் அடித்தது. அன்ட்டி வீட்டுக் கறியில் எனக்கு அப்படி ஒரு நாளும் அடித்ததில்லை.

ஆனாலும் கறிக்காக இந்தக் கேரியரை எடுக்காதீர்கள். மூன்றாவது அடுக்குக்காக எடுங்கள்.

அதில் ரசம் மாதிரி ஒரு தெளிந்த சாறு வரும். ஒரு நாள் சுரைக்காயும் உலர்ந்த இறாலும் மிளகும் போட்டது. இன்னொரு நாள் புளி கரைத்துக் கீரை போட்டது. பர்மியர்கள் இதைச் சோற்றில் ஊற்றிப் பிசைவதில்லை. நடுவில் ஒரு பொதுக் கிண்ணத்தில் வைத்து, சாப்பாட்டுக்கு இடையிடையே ஆளுக்கு ஒரு கரண்டி குடித்துக்கொள்வார்கள். எண்ணெய்க் கறி, ஒரு வாய் சாறு, மறுபடி சோறு. இந்த முறை பிடிபட்ட பிறகுதான் கறியில் ஏன் அவ்வளவு எண்ணெய் என்று எனக்குப் புரிந்தது. ஒன்று கனக்க வேண்டும், ஒன்று அதைக் கழுவிவிட வேண்டும். இரண்டையும் தனித்தனியாக ருசி பார்த்து மார்க் போடுகிறவர்களுக்குப் பர்மியச் சாப்பாடு சுமாராகத்தான் தெரியும். சாறு வைப்பது அக்காவின் வேலை. அன்ட்டியின் கறிக்கு நான் பத்துக்கு ஏழு போடுவேன், அக்காவின் சாறுக்கு ஒன்பதரை.

மேலடுக்கில் சில்லறைச் சாமான்கள்: பச்சையாகவும் லேசாக வேகவைத்தும் காய்கறி, இலை, தழை. வெள்ளரி, சிறகவரை, முட்டைக்கோஸ், வல்லாரை. தொட்டுக்கொள்ள ஙப்பித் தண்ணீர். ஙப்பி என்பது உப்பிட்டுப் புளிக்க வைத்த மீன் விழுது. அதைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, பூண்டும் மிளகாயும் இறால் பொடியும் போட்டு எலுமிச்சை பிழிந்தது. கருவாட்டுக் குழம்பு தின்று வளர்ந்தவனுக்கு வாடை ஒரு பிரச்சினையே இல்லை. எங்கள் கணக்கர் மதுரைப் பக்கத்துச் சைவர். அவர் ஜன்னல் ஓரத்துக்கு நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்.

சில நாள் இந்த அடுக்கில் புளிச்சகீரை வரும். இங்கே சின்பாங் என்பார்கள். நம் ஊரில் கடைகிற அதே கீரைதான். இங்கே மூங்கில் குருத்து, உலர்ந்த இறால், பச்சை மிளகாயோடு எண்ணெயில் சுருள வதக்கிவிடுகிறார்கள். புளிப்பும் காரமும் ஒன்றை ஒன்று விரட்டும். இந்தக் கேரியரில் வருவதிலேயே சிறந்த பதார்த்தம் எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன். கறியை அப்படியே வைத்துவிட்டு இதை மட்டும் போட்டுச் சோற்றை முடித்திருக்கிறேன்.

சென்னையில் பர்மா பஜார் பக்கம் அத்தோ, மொய்ங்கா என்று நூடுல்ஸ் வகைகளைச் சாப்பிட்டுவிட்டு அதுதான் பர்மியச் சமையல் என்று நினைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பர்மாவிலிருந்து திரும்பிய நம் சனங்கள் கொண்டுவந்தது தெருக் கடையின் ருசி. மொய்ங்கா இங்கேயும் காலையில் வெளியே வாங்கிச் சாப்பிடுவதுதான். வீட்டு மதியச் சாப்பாடு சோறு, கறி, சாறு, தழை. அதற்கும் அத்தோவுக்கும் சம்பந்தம் குறைவு.

பத்தரைக்கே ஏன் வருகிறது என்பதற்குக் காரணம் உண்டு. அந்த வீட்டில் அடுப்பு விடியுமுன்பே பற்றிவிடும். காலையில் பிக்குகள் வரிசையாகப் பிச்சைக்கு வருவார்கள். அவர்கள் நண்பகலுக்கு மேல் சாப்பிடுவதில்லை. அவர்களுக்கு இடுவதற்குச் சோறும் கறியும் தயாராக இருக்க வேண்டும். மாதப் பணம் கட்ட ஒரு விடுமுறை நாள் காலையில் போனபோது அந்த வரிசையைப் பார்த்தேன். முதலில் புத்தர் மாடத்துக்குச் சின்னக் கிண்ணத்தில் சோறு. பிறகு பிக்குகள். பிறகு பானையிலிருந்து முதல் கரண்டி வீட்டில் மூத்தவரான அக்காவுக்கு. அன்றைக்கு அக்கா ஊரில் இல்லை, மோலமைனுக்குப் போயிருந்தார். ஆனாலும் அவர் பங்கைத் தட்டில் எடுத்து ஒதுக்கி வைத்த பிறகுதான் அன்ட்டி எங்கள் கேரியர்களைத் திறந்தார். "அக்கா அங்கே சாப்பிட்டிருப்பார், ஆனா இங்கேயும் எடுத்து வைக்கணும், சயா" என்றார். சயா என்பது நம் ஐயா மாதிரி. ஆக, வரிசையில் நமக்கு நான்காவது இடம். எனக்கு அதில் வருத்தமில்லை. புத்தருக்கும் பிக்குகளுக்கும் அக்காவுக்கும் எடுக்கிற பானையில் யாரும் பழைய அரிசியைத் தள்ளிவிட மாட்டார்கள்.

வீட்டுச் சாப்பாடு என்றால் வீட்டு நாள்காட்டியும் சேர்ந்துதான் வரும். ஜூலைப் பௌர்ணமியிலிருந்து அக்டோபர்ப் பௌர்ணமி வரை அவர்களுக்கு விரத காலம். அந்த மூன்று மாதமும் உபோசதம் என்கிற பௌத்த நோன்பு நாட்களில் அன்ட்டி வீட்டில் கறி மீன் கிடையாது. நமக்கும் கிடையாது. காளான், பருப்புச் சாறு, அப்புறம் பொன்யேஜீ. இந்தப் பொன்யேஜீயைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பகான் பக்கத்துச் சரக்கு. கொள்ளுப் பயறை வேகவைத்து, அந்தச் சாற்றைப் புளிக்கவிட்டுக் கறுப்பாகக் கெட்டியாகும்வரை சுண்டக் காய்ச்சியது. அதில் வெங்காயமும் எண்ணெயும் மிளகாயும் போட்டுப் பிசைந்து தருவார்கள். கொள்ளுப் பயறை ரசம் வைக்கவும் மாட்டுக்குப் போடவும் மட்டுமே தெரிந்த ஊரிலிருந்து வந்தவனுக்கு, அதற்குள் இப்படி ஒரு ருசி இருப்பது தொழில்முறையில் கொஞ்சம் அவமானமாகவே இருந்தது.

பிப்ரவரி வாக்கில் தமனே வரும். ஒட்டரிசியோடு வேர்க்கடலை, எள், தேங்காய், இஞ்சி எல்லாம் போட்டுப் பெரிய இரும்புச் சட்டியில் கிளறுவது. துடுப்பு மாதிரி மரக் கரண்டி வைத்து ஆண்கள்தான் கிளறுவார்கள், அவ்வளவு பாரம். மறுநாள் மருமகன் தோளைத் தேய்த்துக்கொண்டே கேரியர் கொண்டுவந்தார். உள்ளே வாழை இலையில் ஒரு பொட்டலம், கணக்கில் சேராதது.

ஏப்ரலில், நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி, அவர்களின் புத்தாண்டுப் பண்டிகையான திஞ்ஜான். கடை அடைப்பதற்கு முந்தைய நாள் திஞ்ஜான் சோறு கொடுத்தார்கள். மோன் வீடுகளின் பழக்கம் இது. மெழுகுவத்திப் புகையூட்டி மணமேற்றிய குளிர்ந்த தண்ணீரில் சோறு. தொட்டுக்கொள்ள வறுத்துப் பொடித்த விரால் கருவாடு, மாங்காய்ப் பச்சடி. வெயில் காலத்துக்கு நம் நீராகாரம் எப்படியோ அப்படித்தான், கூடவே அந்த லேசான புகை மணம். சைவக் கணக்கர்கூடக் கருவாட்டை ஒதுக்கிவிட்டு அந்தத் தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடித்தார்.

சரி, குறைகள். கேரியர் பத்தரைக்கு வந்தாலும் நாங்கள் ஒன்றரைக்குத்தான் உட்காருவோம். அதற்குள் எல்லாம் ஆறிவிடும். பர்மியர்கள் ஆறிய கறியைப் பொருட்படுத்துவதில்லை. நமக்குச் சூடு வேண்டும் என்றால் நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நின்றால் மருமகன் வர நேரமாகும். திஞ்ஜானுக்கு மூடினால் எப்போது திறப்பார்கள் என்று உறுதியாகச் சொல்வதில்லை, அந்த நாட்களுக்குப் பணமும் கழிப்பதில்லை. அஜினோமோட்டோ பற்றிக் கேட்பீர்கள்: போடுகிறார்கள், கடைகளைவிடக் கம்மியாக. மின்வெட்டு இந்த நகரத்தில் சாதாரணம். ஆனால் அங்கே கரி அடுப்பு என்பதால் அதைக் காரணமாகச் சொல்லி ஒரு வேளையும் நின்றதில்லை. இது பெரிய விஷயம்.

விலையை எழுதவில்லை. இந்த ஊர்ப் பணமான கியாட்டில் இன்று எழுதுவது நீங்கள் படிக்கும்போது மாறியிருக்கும். ஓரளவு நல்ல கடையில் உட்கார்ந்து சாப்பிடுவதைவிடக் குறைவு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தனியாகக் கேட்டால் பாலாச்சாங் பாட்டிலில் கிடைக்கும்: உலர்ந்த இறால், பூண்டு, மிளகாய் பொரித்தது. மொறுமொறுப்பு கடைசிக் கரண்டி வரை நிற்கிறது. சாப்பாட்டுக்குப் பின் கடிக்க ஒரு துண்டு பனைவெல்லம் எப்போதும் உண்டு. உடன்குடிக் கருப்பட்டி அளவுக்கு இல்லை.

இந்த வீட்டிலோ இதே போன்ற வேறு வீட்டிலோ சேருவதாக இருந்தால், மாதம் தொடங்குமுன் சிலவற்றைச் சொல்லிவிடுங்கள். பன்றிக்கறி வேண்டாம் என்றால் அன்றைக்கு முட்டை வைப்பார்கள். மாட்டுக்கறி அந்த வீட்டில் சமைப்பதே இல்லை, பல பௌத்தக் குடும்பங்கள் அப்படித்தான். ஙப்பியைத் தனி டப்பாவில் கேளுங்கள், பக்கத்து மேசைக்காரருக்காக. சின்பாங் வரும் நாளுக்குச் சோறு கூடுதலாகச் சொல்லி வையுங்கள். கூடுதல் சோற்றுக்கு அன்ட்டி காசு வாங்குவதில்லை.